வடக்கு வரிசைக் கட்டில்

என் தலையில் வெள்ளைத் தொப்பி ஏறிய நாளிலிருந்து வெகுகாலத்துக்கு நான் யாரிடமும் குனிந்து பேசியதில்லை. குனிந்தால் தொப்பி விழுந்துவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைக்கனம் என்றார் மனோரஞ்சிதம் சிஸ்டர். நர்ஸ் படிப்பில் அவர்தான் எங்களுக்குப் பாடம் நடத்தியவர். பாளையங்கோட்டைக்காரர், வாயாரப் புகழ்வது என்றால் என்னவென்றே தெரியாதவர். அவர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள நான் ஒரு பரீட்சையில் தோற்கவேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பேர் ஒச்சாயி. காளவாசலைத் தாண்டி மேற்கே போனால் வரும் புஞ்சைக்காட்டு ஊர்களில் ஒன்று எங்களுடையது. எட்டாம் வகுப்பு முடித்த பெண் அந்த ஊரில் நான் ஒருத்திதான். ஒருத்தியாக இருந்தால் நம்மைவிட அறிவாளி கிடையாது என்று தோன்றிவிடும், எனக்கும் தோன்றியது. மதுரையில் பெண்களுக்கென்று இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னபோது, நோயாளிகளுக்குத் தொண்டு செய்யவேண்டும் என்ற எண்ணமெல்லாம் எனக்குள் எழவில்லை. அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஷூ போட்டு டக் டக்கென்று நடப்பதை ஒரு தடவை பார்த்திருந்தேன். அந்தச் சத்தம் என் காலிலும் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன், விண்ணப்பம் போட்டேன்.

அய்யாவிடம் கேட்கவேண்டும் அல்லவா? அய்யா பேர் நல்லகாமன். கம்பங்கொல்லையில் வேலையாக இருந்தவரை நிறுத்திவைத்து விவரம் சொன்னேன். மூன்று வருஷம் நர்ஸ் படிப்பு, அதற்குமேல் ஆறு மாதம் பிரசவப் படிப்பு, கடைசியில் மெட்ராஸிலிருந்து ஆள் வந்து பரீட்சை வைப்பார்கள், அதில் பாஸானால் சர்க்கார் ரிஜிஸ்டரில் என் பேர் ஏறும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அதுவரை தலையாட்டிக்கொண்டே இருந்தவர் கடைசி வார்த்தையில் நிமிர்ந்தார்.

"எந்த ரிஜிஸ்தரு?"

எங்கள் பக்கத்தில் ரிஜிஸ்டர் என்றால் ஒன்றே ஒன்றுதான். அது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. எங்கள் சாதியையே குற்றவாளிகள் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த கைரேகைச் சட்டத்தில் ஊர் ஆண்கள் பேரெல்லாம் அதில் ஏறியிருந்தது. ஒரு வம்பு தும்புக்கும் போகாத அய்யாவின் பெருவிரலையும் மையில் உருட்டி அதில் பதிந்துவைத்திருந்தார்கள். வெளியூர் போகச் சீட்டு வாங்கவேண்டும், பொழுதடைவதற்குள் திரும்பி வந்து தலையைக் காட்டவேண்டும். அப்படிப்பட்ட மனுஷரிடம் போய், என் பேரும் ரிஜிஸ்டரில் ஏறப்போகிறது என்று பல்லை இளித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். என் அறிவு அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

"நம்ம வீட்ல ஒரு பேரு ஏறுனது பத்தாதா தாயி?" என்றார்.

அது வேறு ரிஜிஸ்டர், அதில் பேர் ஏறுவதற்கு ஆட்கள் தவம் கிடக்கிறார்கள் என்று விளக்கினேன். ரிஜிஸ்டரில் ஏறத் தவம் கிடக்கும் ஆட்களைப் பற்றி அய்யா அதுவரை கேள்விப்பட்டதில்லை. பிறகு, "சரி, ஏறிட்டு வா. அது எப்பேர்ப்பட்ட ரிஜிஸ்தருன்னு நானும் பாக்குறேன்" என்றார். அப்படித்தான் நான் மதுரைக்கு வந்தேன்.

ஷூ கொடுத்தார்கள். கூடவே பெட்பேனும் கொடுத்தார்கள். எழுந்திருக்க முடியாத நோயாளி கட்டிலிலேயே மலஜலம் கழிக்க வைக்கிற தட்டு அது. முதல் வருஷம் முழுக்க டக் டக்கென்று போய் அதை எடுத்தேன், டக் டக்கென்று வந்து கழுவினேன். மற்ற நேரத்தில் பாண்டேஜ் துணி சுருட்டினேன், பாட்டில்களைக் கொதிக்கவைத்தேன், விரிப்பு மாற்றினேன். இந்த விரிப்பு விஷயத்தில் மட்டும் என்னை அடிக்க ஆள் கிடையாது. மூலையை மடித்துச் செருகினால் ஒரு சுருக்கம் இருக்காது. நோயாளி வந்து படுத்தவுடன் அது கலைந்துபோகும், எனக்கு எரிச்சல் வரும்.

பாடமும் அப்படியே. இருநூற்றுச் சொச்சம் எலும்பின் பேரையும் நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் காலையில் நான் குளிப்பாட்டிய அம்மாளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். சிஸ்டர் ஒருநாள் கேட்டே விட்டார். நீ நோயாளியைப் பார்ப்பதே இல்லையா என்றார். பல்ஸ் எழுபத்தாறு சிஸ்டர் என்று பதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார், பாராட்டுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

லீவில் ஊருக்குப் போனால் என் அழிச்சாட்டியம் தாங்காது. கம்பங்காட்டு வரப்பில் ஷூவோடு நடந்து ஒருமுறை சகதியில் விழுந்தேன். காய்ச்சலே இல்லாதவர்கள் வாயிலும் தெர்மாமீட்டரை வைத்தேன். "டாக்டரம்மா" என்று யாரோ கேலியாகக் கூப்பிட்டதைக் கேலி என்று தெரியாமல் ஏற்றுக்கொண்டேன். என் பெரியப்பா மகன் பெண்டாட்டி முத்துத்தாய் மதினி மட்டும் அதை நிஜமாகவே நம்பினார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்திருந்தன. அடுத்தது உண்டானால் ஆஸ்பத்திரிக்கு வா மதினி, நான் இருக்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்கும்போது எனக்குக் காசா பணமா.

இப்போது வடக்கு வரிசையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பிரசவ வார்டில் இரண்டு வரிசைக் கட்டில்கள். தெற்குச் சுவரை ஒட்டி ஒன்று, வடக்குச் சுவரை ஒட்டி ஒன்று. தலைமாடு சுவர்ப்பக்கம் இருக்கவேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. தெற்கு வரிசையில் பிரச்சினை இல்லை. வடக்கு வரிசையில் படுத்தால் தலை வடக்கே போய்விடும். நம் ஜனங்களில் யார் வடக்கே தலைவைத்துப் படுப்பார்கள்? பிணத்தைத்தான் அப்படிக் கிடத்துவார்கள் என்று சொல்லி, படுக்கவைத்த மறு நிமிஷமே ஒவ்வொருத்தியாகப் புரண்டு திரும்பிக்கொள்வாள். சிஸ்டருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத் தலையணையைச் சுவர்ப்பக்கமே விட்டுவிட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். தலையணை உறையெல்லாம் எப்படி இவ்வளவு அழுக்காகிறது என்று சிஸ்டர் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. சிஸ்டர் ரவுண்ட்ஸ் வரும்போது வராந்தாவில் நின்று இருமுவது என் வேலை. இருமல் கேட்டதும் வடக்கு வரிசை மொத்தமும் ஒரே சமயத்தில் திரும்பும். சிஸ்டர் போனதும் மறுபடி திரும்பும். ஹாஸ்டலில் என் கட்டிலும் வடக்குச் சுவரை ஒட்டித்தான் இருந்தது, அதைக் குறுக்கே இழுத்துப் போட்டுத்தான் நான் படுத்தேன். கிருமியை நம்பினேன், எமனையும் கைவிடவில்லை. இரண்டு பேரிடமும் நல்லபேர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். மூக்குக்கண்ணாடி, சரிகைப் புடவை, குறைவான பேச்சு. எழுத்துப் பரீட்சையை ஊதித்தள்ளிவிட்டு வார்டுக்குள் போனேன். வடக்கு வரிசையில் ஒரு கட்டிலைக் காட்டினார். தலை முதல் கால்வரை போர்த்திக்கொண்டு ஒரு பெண் படுத்திருந்தாள். பிரசவமாகி ரத்தம் நிற்காமல் போகிறது என்று வைத்துக்கொள், என்ன செய்வாய் என்றார்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. டாக்டருக்கு ஆள் அனுப்புவேன், அடிவயிற்றைத் தேய்த்துக் கர்ப்பப்பையை இறுகவைப்பேன், கால்மாட்டுக் கட்டில்காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்துவேன், அப்போதுதான் ரத்தம் தலைக்கு வரும் என்று ஒப்பித்தேன். செய்து காட்டு என்றார்.

மரக்கட்டைகளைத் தூக்கிக்கொண்டு கால்மாட்டுக்குத்தான் போனேன். பாதி தூரத்தில் என் புத்தி வேலை செய்தது. ஒச்சாயி, இது வடக்கு வரிசை, இந்த வரிசையில் எவள் நேராகப் படுத்திருக்கிறாள்? போர்வைக்குள் இருப்பவளின் கால் சுவர்ப்பக்கம்தான் இருக்கும். மெட்ராஸ்காரருக்கு இதெல்லாம் தெரியுமா? எனக்குத் தெரியும் என்று எண்ணி, திரும்பிப் போய், ஆயா சீனியம்மாளைக் கட்டிலைத் தூக்கச் சொல்லி, சுவர்ப்பக்கத்துக் கால்களுக்குக் கட்டை கொடுத்தேன். நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் என் முகத்தில் இருந்திருக்கக்கூடிய களையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. சுவர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

"யா அல்லா, இப்பத்தான் சாஞ்சு உக்காந்த மாதிரி சொகமா இருக்கு. இப்பிடியே விட்டுருங்க."

அது சுல்தான் பீவி, வார்டில் இருந்த முஸ்லிம் வீட்டுப் பெண். அவர்கள் வழக்கத்தில் வடக்கே தலைவைத்துப் படுப்பதில் ஒரு தப்பும் கிடையாது, தொழுகிற திசையான மேற்கே கால் நீட்டுவதுதான் ஆகாது. எங்கள் தில்லுமுல்லு எப்படியோ காதுக்கு எட்டி, வடக்கு வரிசையில் விதிப்படி படுக்கக்கூடிய ஒரே ஆள் என்பதால், பரீட்சைக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று சிஸ்டர் அன்று காலையில்தான் அவரை அந்தக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார். போர்வையை ஒரு சாண் விலக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எல்லாம் தெரிந்தவள் எதற்கு விலக்கவேண்டும்? டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். நிஜமாகவே ரத்தம் போய்க்கொண்டிருந்தால் இந்தப் பெண் இந்நேரம் என்ன ஆகியிருப்பாள் என்றார்.

பெயில். ஆறு மாதம் கழித்து இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம். அதிலும் போனால் ரிஜிஸ்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வேண்டுமானால் ஆயாவாக இருந்துகொள்ளலாம், இல்லாவிட்டால் மூட்டை கட்டலாம். அன்று ஹாஸ்டலில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். சிஸ்டர் வந்து ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வந்தார், நாளையிலிருந்து போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்து, பேரைக் கேட்டுவிட்டுத்தான் எந்த வேலையையும் தொடங்கவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அய்யா சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். துண்டில் அவித்த கடலை கொண்டுவந்திருந்தார். பரீட்சை என்னாச்சு என்றார். இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தேன்.

"ஸ்டேசன்லயும் அப்பிடித்தான் தாயி. ஒரு தடவைல எவன் விட்டான், இன்னொருக்க வரச் சொல்லுவான்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். நான் தவம் கிடக்கிறார்கள் என்று அளந்துவிட்ட ரிஜிஸ்டரும் கடைசியில் அவர் கண்ணுக்கு ஸ்டேஷன் ரிஜிஸ்டராகவே தெரிந்தது. கடலையைத் தின்றுகொண்டு தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன், தொப்பி விழவில்லை.

ஆறு மாதமும் போர்வை விலக்கினேன். கண்டபடி விலக்கினேன். தூங்குகிறவர்களை எழுப்பி உன் பேரென்ன என்று கேட்டுத் திட்டு வாங்கினேன். சீனியம்மாள் மதியம் அசந்து படுத்திருந்தபோது அவள் போர்வையையும் விலக்கினேன். வார்டில் எனக்குப் "போர்வை நர்ஸ்" என்று பேராகிவிட்டது.

இரண்டாவது பரீட்சைக்கும் அதே டாக்டரம்மாதான் வந்தார். அன்று விடியற்காலையில்தான் முத்துத்தாய் மதினி பிரசவித்திருந்தார். ஆண் குழந்தை, நல்ல கனம். என் வாக்கை நம்பி வண்டி கட்டி வந்தவர். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததால் பிரசவத்தின்போது அவர் பக்கத்தில் இல்லை. வார்டில் இடம் இல்லாமல் அவரையும் வடக்கு வரிசையில் படுக்கவைத்திருந்தார்கள். பரீட்சை நேரத்தில் சிஸ்டர் உள்ளே வரக்கூடாது. டாக்டரம்மா, சீனியம்மாள், நான், இவ்வளவு பேர்தான்.

டாக்டரம்மா தூரத்து மேஜையில் உட்கார்ந்து மார்க்குத் தாளில் ஏதோ எழுதிக்கொண்டே, மதினி கட்டிலைக் காட்டி, அந்தப் பெண்ணுக்கு விரிப்பு மாற்று என்றார். விரிப்பு! மனசு குளிர்ந்துபோய்விட்டது. போன உடனே சுவர்ப்பக்கத்துப் போர்வையை விலக்கினேன். தலையணைமேல் இரண்டு பாதம். வழக்கம்போல என்று நினைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து விலக்கினேன். மதினியின் முகம் வெளிறிக் கிடந்தது. உதட்டில் நிறமே இல்லை, நெற்றியெல்லாம் வியர்வை. மதினி என்று கூப்பிட்டேன், கண் பாதி திறந்து மூடியது. போர்வையை முழுக்க எடுத்தேன். விரிப்பெல்லாம் ரத்தம். சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

நான் படித்த ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. கைதான் போனது. அடிவயிறு மாவு போலத் தொளதொளவென்று இருந்தது. அழுத்தித் தேய்க்கத் தொடங்கினேன். ஊசி மருந்தோடு எங்கள் டாக்டரைக் கூட்டிவரச் சீனியம்மாளை விரட்டினேன். கையை எடுத்தால் மதினி போய்விடுவார், கட்டிலை உயர்த்தவும் வேண்டும், வார்டில் நிற்கிற ஆள் ஒன்றே ஒன்றுதான். டாக்டரம்மாவைப் பார்த்து, எங்கள் ஊர்க் களத்துமேட்டில் நின்று கத்துவதுபோலக் கத்தினேன்.

"ஏத்தா, ஓடியா. செவுத்துப் பக்கம் கட்டிலத் தூக்கு."

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். போன தடவை நடந்தது அவருக்கும் மறந்திருக்காது.

"தலைமாட்டையா? மறுபடியுமா?" என்றார்.

விளக்கம் சொல்ல நேரம் இல்லை. இவர் கையில்தான் என் ரிஜிஸ்டர் இருக்கிறது என்பது ஒரு ஓரமாக ஞாபகம் வந்தது. வந்ததோடு சரி.

"மொதல்ல தூக்குத்தா. பெயில அப்பறம் போடு."

வந்தார். மதினியின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார். சரிகைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவர்ப்பக்கச் சட்டத்தைப் பிடித்து அந்த இரும்புக் கட்டிலைத் தூக்கினார். கையை வயிற்றில் வைத்தபடியே காலை எட்டி நீட்டி, சுவரோரம் கிடந்த ஒரு கட்டையை நான் ஷூவால் தள்ளினேன், மறுபக்கத்துக் கட்டையை அவர் முட்டியால் தள்ளினார். என் ஷூவால் உலகத்துக்கு ஒரு பிரயோஜனம் ஏற்பட்டது அன்றுதான். கொஞ்ச நேரத்தில் கைக்கடியில் கர்ப்பப்பை கல்லாக இறுகுவது தெரிந்தது. எங்கள் டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். மதினி பிழைத்துக்கொண்டார்.

எல்லாம் அடங்கிய பிறகு டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினார், மீதிக் கேள்விகளைக் கேட்டார். எலும்பு எத்தனை என்பதற்குக்கூடத் தப்பாகச் சொன்னேன். விரிப்பு மாற்றச் சொன்னால் ஏன் முதலில் முகத்தைப் பார்த்தாய் என்று கேட்டார். நோயாளிதான் முக்கியம் என்கிற மாதிரி உயர்வாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சுல்தான் பீவிக்குப் பயந்துதான் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். அதே சுவர், அதே கட்டை, அதே நான். போன தடவை எதற்கு பெயில் போட்டாரோ அதற்கே இந்தத் தடவை பாஸ் போட்டார்.

மதினி ஊருக்குப் போய் என் புகழைப் பரப்புவார் என்று காத்திருந்தேன். வடக்கே தலைவைக்காமல் படுத்ததால்தான் உயிர் தப்பியது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இங்கே சிஸ்டர் வடக்கு வரிசைக் கட்டில்களைத் தலைமாடு கிழக்கே வரும்படி திருப்பிப் போட்டார். மேற்கே கால் நீட்டமாட்டோம் என்று முஸ்லிம் வீட்டுப் பெண்கள் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். என் இருமலுக்கு மறுபடி வேலை வந்தது.

ரிஜிஸ்டரில் பேர் ஏறிய சர்டிபிகேட் மெட்ராஸிலிருந்து வந்த வாரம் அய்யாவை வரச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் நின்று அதைக் கையில் கொடுத்தேன். அய்யாவுக்குப் படிக்கத் தெரியாது. முன்னும் பின்னும் திருப்பி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ரேகை எங்க வச்ச?"

"ரேகை கெடையாதுய்யா. கையெழுத்துத்தான் போட்டேன்."

"அப்ப பொழுதடஞ்சா எங்க போயித் தலயக் காட்டணும்?"

"எங்கயும் வேணாம்யா."

அய்யா மறுபடி அந்தத் தாளைப் பார்த்தார். என் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார், காட்டினேன். அதன்மேல் பெருவிரலை வைக்கப் போனவர் சட்டென்று விரலை மடக்கிக்கொண்டு புறங்கையால் தடவினார்.

"நல்ல ரிஜிஸ்தருதான் தாயி" என்றார்.

பிறகு நிமிர்ந்து பொழுதைப் பார்த்தார். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. சர்டிபிகேட்டை அவசரமாக என் கையில் கொடுத்துவிட்டு, வாரேன் தாயி என்று மேற்கே நடக்கத் தொடங்கினார். இருட்டுவதற்குள் அவர் தன் ரிஜிஸ்டருக்குப் போய்ச் சேரவேண்டும். அவர் நடைக்கு என் ஷூ ஈடுகொடுக்கவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தொப்பி எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல், காளவாசல் வரைக்கும் அவர் கூடவே ஓடினேன்.